ஆண்டறிக்கை: 1904 முதல் போன ஞாயிறு வரை

எங்கள் ஓட்டக் குழுவின் ஆண்டறிக்கை எழுதும் வேலை இந்த வருஷம் என் தலையில் விழுந்தது. பொதுக்குழு அன்று நான் போகவில்லை. வராதவன் தலையில் கட்டுவது எல்லாச் சங்கத்துக்கும் பொதுவான மரபு. "ஓடின ரேஸ், பண்ணின பயிற்சி, வரவு செலவு. ரெண்டு பக்கம் போதும் சார்" என்றார் செயலாளர்.

ரெண்டு பக்கத்துக்குச் சரக்கு வேண்டாமா? செவ்வாய்க்கிழமை இன்டர்வல், வியாழக்கிழமை டெம்போ, ஞாயிறு விடிகாலை நாலரை மணிக்கு பெசன்ட் நகர் கடற்கரையில் ஷ்மிட் நினைவு மண்டபத்தின் எதிரே கூடி லாங் ரன். பதிவேட்டில் 43 பேர். லாங் ரன்னுக்கு வருவது 15 பேர். ஓட்டம் முடிந்து பொங்கல் வடை சாப்பிடும் இடத்தில் எண்ணினால் 21 பேர். உபரி ஆறு பேர் எந்த வழியாக ஓடி வந்தார்கள் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் அடுத்த வாரம் பில்லைப் பங்கு போட ஆள் குறையும்.

பயிற்சி பற்றி எழுத ஒரே ஒரு விஷயம் உண்டு. ஆகஸ்டில் எங்கள் பயிற்சியாளர், பீட்ரூட் சாறு குடித்தால் ரத்த ஓட்டம் கூடும், வேகம் கூடும் என்று எங்கேயோ படித்துவிட்டு, வீட்டிலிருந்து இரண்டு பெரிய ஃபிளாஸ்க் நிறையக் கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றினார். வேகம் கூடியதா தெரியவில்லை. மறுநாள் காலை எங்கள் குழுவில் இருக்கும் ஒரே டாக்டருக்கு ஏழு மணிக்குள் ஐந்து போன். ஐந்து பேருமே குரலைத் தாழ்த்திக்கொண்டு, "டாக்டர், சிவப்பா போகுது" என்றிருக்கிறார்கள்.

அதற்கப்புறம் ஜனவரி. அரை மாரத்தான். அதில்தான் நம் பொருளாளர் விவகாரம்.

பொருளாளர் முப்பத்தைந்து வருஷம் வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பத்து ரூபாய் கணக்கில் இடித்தால் தூங்கமாட்டார். அன்றைக்கு ஒன்பதாவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள, நடைபாதை ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். ஓர் ஆட்டோ வந்து நின்றது. "எங்க சார் போவணும்?" என்று ஆட்டோக்காரர் கேட்டார். சென்னையில் ஓர் ஆட்டோ தானாக வந்து நின்று, கேட்டும்விட்டால், மறுக்கும் மனவலிமை யாருக்கு உண்டு? ஏறிவிட்டார். நாலு கிலோமீட்டர் தாண்டி ஒரு கோயில் பக்கம் இறங்கினார். அதற்குள் பிடிப்பு விட்டிருந்தது. மிச்சத்தை நிஜமாகவே ஓடி முடித்தார். கல்லூரிப் பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டே கழுத்தில் பதக்கத்தை மாட்டினாள், குனிந்து வாங்கிக்கொண்டார்.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டார். கையில் கட்டியிருந்த ஜிபிஎஸ் வாட்சை நிறுத்தவில்லை. அது யாரையும் கேட்காமல் ஸ்ட்ராவா செயலியில் அவர் ஓட்டத்தை ஏற்றிவிட்டது. பத்தாவது கிலோமீட்டரிலிருந்து நான்கு கிலோமீட்டருக்கு அவருடைய பேஸ் கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 8 விநாடி. எலியுட் கிப்சோகே 2019இல் வியன்னாவில், முன்னாலும் பின்னாலும் ஆள் வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் மாரத்தானை முடித்தாரே, அன்றைக்கு அவருடைய பேஸே 2 நிமிடம் 50 விநாடிதான். எங்கள் பொருளாளருக்கு வயது 63.

வாட்ஸ்அப் குழுவில் அன்று இரவு பன்னிரண்டு மணி வரை பட்டாசு. நீக்க வேண்டும் என்று ஒரு கட்சி, மன்னிக்க வேண்டும் என்று ஒரு கட்சி, ஆட்டோவுக்கு எவ்வளவு கொடுத்தார், அது குழுக் கணக்கிலா சொந்தக் கணக்கிலா என்று மூன்றாவதாக ஒரு கட்சி. இதை அறிக்கையில் எழுதவா வேண்டாமா என்று செயலாளரைக் கேட்டேன். "எழுதணும், ஆனா நாசூக்கா எழுதுங்க" என்றார்.

ஓர் அவமானத்தை நாசூக்காக எழுத எனக்குத் தெரிந்த வழி, அதைவிடப் பெரிய அவமானத்தை முதலில் எழுதிவிடுவது. ஆகவே 1904இல் ஆரம்பிக்கிறேன். உறுப்பினர்கள் பொறுத்தருள்க.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் என்று ஓர் ஊர். லூசியானா நிலப்பரப்பை பிரான்சிடமிருந்து விலைக்கு வாங்கி நூறு வருஷம் ஆனதைக் கொண்டாட உலகப் பொருட்காட்சி போட்டார்கள். வாங்கியது 1803. நூற்றாண்டைக் கொண்டாடியது 1904. வேலை முடியவில்லை, ஒரு வருஷம் தள்ளிப்போய்விட்டது. எனக்கு அந்த ஊர் அப்போதே சொந்த ஊர்போல ஆகிவிட்டது. சிகாகோவுக்குப் போயிருந்த ஒலிம்பிக்கையும் இவர்கள் இழுத்துக்கொண்டு வந்து, ராட்டினம், யானை, ஐஸ்கிரீம் கடைகளோடு சேர்த்து ஒரு மூலையில் நடத்தினார்கள்.

மாரத்தான் ஆகஸ்ட் 30 அன்று. விடிகாலையில் அல்ல, மத்தியானம் மூன்று மணிக்கு. வெயில் 32 டிகிரி. நமக்கு அது பிப்ரவரி மாதம்தான் என்று யாரும் மார்தட்ட வேண்டாம். மூன்று மணி வெயிலில் நம் ஆட்கள் காய்கறி வாங்கக்கூடப் போவதில்லை. பாதை முழுக்க மண் ரோடு. ஏழு மேடுகள். கணுக்கால் புதையும் புழுதி. ஓட்டக்காரர்களுக்கு முன்னும் பின்னும் நடுவர்கள், டாக்டர்கள், பத்திரிகைக்காரர்கள் என்று மோட்டார் வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. ஓடுகிறவர்கள் காப்பாற்றப்பட வேண்டும் என்று வந்த வண்டிகள் கிளப்பிய தூசியைத்தான் அவர்கள் 40 கிலோமீட்டருக்கு மென்று விழுங்கினார்கள். கலிபோர்னியாவிலிருந்து வந்த வில்லியம் கார்சியா என்பவர் அவ்வளவு தூசியை விழுங்கி, வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து, சாலையோரம் குப்புறக் கிடந்தார். இன்னும் கொஞ்ச நேரம் யாரும் பார்க்காமல் இருந்திருந்தால் போய்ச் சேர்ந்திருப்பார்.

தண்ணீர்? இரண்டே இடம். பத்தாவது கிலோமீட்டர் வாக்கில் ஒரு தண்ணீர்த் தொட்டி, இருபதாவது கிலோமீட்டர் வாக்கில் சாலையோரக் கிணறு ஒன்று. இது பஞ்சத்தால் அல்ல. போட்டிகளை நடத்திய ஜேம்ஸ் சல்லிவனுக்கு ஓர் ஆராய்ச்சி ஆசை: உடம்பில் நீர் வற்ற வற்ற மனிதன் எப்படி ஓடுகிறான் என்று பார்க்க வேண்டும். எங்கள் பயிற்சியாளர் பீட்ரூட்டோடு நிறுத்திக்கொண்டதற்கு நன்றி தெரிவித்து இந்த இடத்தில் ஒரு தீர்மானம் போடலாம். அமெரிக்காவில் அமெச்சூர் விளையாட்டு வீரர்களுக்கு வருஷா வருஷம் கொடுக்கும் பெரிய விருது இன்றைக்கும் சல்லிவன் பெயரில்தான் இருக்கிறது.

32 பேர் கிளம்பினார்கள். முடித்தது 14 பேர். நடுவே நடந்தது ஓட்டமா, தெருக்கூத்தா என்று சொல்வது கஷ்டம்.

முதலில் நம் பொருளாளரின் மூதாதையர். ஃபிரெட் லோர்ஸ், நியூயார்க்கில் செங்கல் அடுக்கும் கொத்தனார். பகல் வேலை போக இரவில் பயிற்சி செய்தவர். ஏறக்குறைய பதினாலாவது கிலோமீட்டரில் கால் பிடித்துக்கொண்டது. கூட வந்த மோட்டார் காரில் ஏறிவிட்டார். ஏறியவர் குனிந்து ஒளிந்துகொண்டு போனாரா என்றால் இல்லை. வழியில் நின்ற ஜனங்களுக்கும், வேர்த்து விறுவிறுக்க ஓடிக்கொண்டிருந்த சக வீரர்களுக்கும் கையாட்டிக்கொண்டே போனார். பதினெட்டு கிலோமீட்டர் சவாரி. அதன் பிறகு கார் மக்கர் செய்து நின்றுவிட்டது. 1904ஆம் வருஷத்துக் கார் அவ்வளவு தூரம் வந்ததே பெரிது. லோர்ஸ் இறங்கினார், காலை உதறிப் பார்த்தார், சரியாகத்தான் இருந்தது, மிச்ச எட்டு கிலோமீட்டரை ஓடி மைதானத்துக்குள் நுழைந்தார். கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மகள் ஆலிஸ், இருபது வயது, மாலையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அந்த நேரத்தில் யாரோ ஒரு புண்ணியவான், இந்த ஆள் காரில் வந்தான் என்று கத்த, லோர்ஸ், சும்மா தமாஷுக்குத்தான் செய்தேன் என்று சிரித்திருக்கிறார்.

அவருக்கு வாழ்நாள் தடை. நம் பொருளாளர் போனது நாலே கிலோமீட்டர், அதுவும் சொந்தக் காசில் என்பதை உறுப்பினர்கள் கவனிக்க வேண்டும்.

லோர்ஸுக்குப் பின்னால் வந்தவர்தான் உண்மையில் ஜெயித்தவர். தாமஸ் ஹிக்ஸ், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பித்தளை வேலை செய்தவர். அவர் கூடவே இரண்டு கையாட்கள். பாதி வழியில் ஹிக்ஸ் தண்ணீர் கேட்டுக் கெஞ்சினார். தரவில்லை. ஸ்பாஞ்சை வெந்நீரில் நனைத்து உதட்டைத் துடைத்துவிட்டார்கள். முடிவுக்குப் பதினோரு கிலோமீட்டர் இருக்கும்போது ஆள் தள்ளாட ஆரம்பித்தார். கையாட்கள் ஒரு மருந்தை எடுத்தார்கள்: ஸ்ட்ரிக்னின் ஒரு மில்லிகிராம், முட்டை வெள்ளைக்கருவில் கலந்து.

ஸ்ட்ரிக்னின் என்றதும் ஏதோ அமெரிக்க மருந்து என்று நினைக்க வேண்டாம். நம் எட்டிக்கொட்டைச் சரக்குதான். "எட்டிக்காயாய்க் கசந்தது" என்று சொல்கிறோமே, அதே எட்டி மரத்தின் விதையிலிருந்து எடுக்கும் விஷம். அந்தக் காலத்தில் எலியைக் கொல்ல அதை வைப்பார்கள். கொஞ்சமாகக் கொடுத்தால் நரம்புக்கு முறுக்கு ஏறும் என்றும் நம்பினார்கள். எலிக்கு எவ்வளவு, ஹிக்ஸுக்கு எவ்வளவு என்ற கணக்கில் கொஞ்சம் கை தவறியிருந்தால் ஒலிம்பிக் வரலாறு வேறு மாதிரி போயிருக்கும். ஒலிம்பிக்கில் ஊக்கமருந்து கொடுத்ததாகப் பதிவான முதல் சம்பவம் இதுதான். அப்போது அதற்குத் தடை கிடையாது. யாரும் மறைக்கவும் இல்லை. கையாட்களில் ஒருவரான சார்லஸ் லூகாஸ், அந்த ஒலிம்பிக் பற்றிப் புத்தகமே போட்டு, பாருங்கள், மருந்து எவ்வளவு உதவியாக இருக்கிறது என்று பெருமையாக எழுதினார்.

ஹிக்ஸுக்கு மறுபடி ஒரு டோஸ், இன்னும் இரண்டு முட்டை, ஒரு வாய் பிராந்தி. முகம் சாம்பல் பூத்தது, கண் நிலைகுத்தியது. எல்லை இன்னும் முப்பது கிலோமீட்டர் தள்ளி இருப்பதாக உளற ஆரம்பித்தார். சாப்பிட ஏதாவது கொடு என்றார், படுத்துக்கொள்கிறேன் என்றார். பிராந்திதான் கிடைத்தது. கடைசியில் இரண்டு பேரும் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடிக்க, கால் மட்டும் காற்றில் சைக்கிள் மிதிப்பதுபோல் அசைந்துகொண்டிருக்க, எல்லைக் கோட்டைக் கடந்தார். 3 மணி 28 நிமிடம் 53 விநாடி. ஒலிம்பிக் மாரத்தானில் தங்கம் வாங்கியவர்களிலேயே மந்தமான நேரம். எங்கள் குழுவில் அதைவிட வேகமாக முழு மாரத்தான் ஓடியவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் மருந்து ஆளுக்கொரு கடலைமிட்டாய்.

அந்த ஓட்டத்தில் என் மனசைப் பறித்தவர் ஹிக்ஸும் இல்லை, லோர்ஸும் இல்லை. கியூபாவிலிருந்து வந்த ஃபெலிக்ஸ் கார்வஹால், தபால்காரர். அமெரிக்கா போகக் காசில்லை. ஹவானாவில் தெருத்தெருவாக ஓடிக் காட்டி நிதி திரட்டினார். கப்பலில் நியூ ஆர்லியன்ஸ் வந்து இறங்கியதும், திரட்டிய பணம் முழுவதையும் சூதாட்டத்தில் விட்டார். இனி என்ன செய்வது? நடந்தும், வழியில் வந்த வண்டிகளில் ஏறியும் செயின்ட் லூயிஸ் வந்து சேர்ந்தார். பந்தயக் கோட்டில் நின்றபோது அவர் போட்டிருந்தது முழுக்கை வெள்ளைச் சட்டை, நீளமான கால்சட்டை, நடைபயிற்சிக்குப் போடும் கனத்த பூட்ஸ், தலையில் வட்டத் தொப்பி. கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி. இரக்கப்பட்ட ஒரு வட்டெறியும் வீரர் கத்தரிக்கோலை எடுத்து வந்து, அவருடைய கால்சட்டையை முழங்கால் அளவுக்கு வெட்டிவிட்டார். பந்தயம் தொடங்கியது.

கார்வஹால் வழி நெடுக நின்று நின்று ஜனங்களோடு பேசிக்கொண்டே போனார், தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில். எங்கள் குழுவின் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அடையாறு பாலம் வருவதற்குள் மூன்று வீட்டு மனை விலை, இரண்டு ஜாதகம் பேசி முடித்துவிடுவோம். ஒரு காரில் அதிகாரிகள் பீச் பழம் தின்றுகொண்டிருந்தார்கள். கார்வஹால் ஒன்று கேட்டார். தரமாட்டேன் என்றார்கள். இரண்டைப் பிடுங்கிக்கொண்டு தின்றபடியே ஓடினார். பிறகு ஒரு தோட்டம் வந்தது. ஆப்பிள். ஏறினார், தின்றார். பழம் கெட்டுப்போனது. வயிற்றைப் பிடித்துக்கொண்டது. என்ன செய்தார்? சாலையோரம் படுத்துத் தூங்கிவிட்டார். எழுந்து மறுபடி ஓடினார்.

நாலாவது இடம்.

இவர் அரட்டை, திருட்டுப் பழம், வயிற்றுவலி, மத்தியானத் தூக்கம் எல்லாம் போக நாலாவது. அடுத்த வருஷப் பயிற்சித் திட்டத்தில் தூக்கத்தைச் சேர்க்க வேண்டும் என்று இந்த அறிக்கை மூலமாகப் பரிந்துரைக்கிறேன்.

இன்னும் இரண்டு பேரைச் சொல்லாமல் விட மனசில்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த லென் டௌன்யானே, யான் மஷியானி. ஸ்வானா இனத்தவர். பொருட்காட்சியில் போயர் யுத்தத்தைத் தினமும் நாடகமாகப் போட்டுக் காட்டினார்கள், அதற்காக அழைத்துவரப்பட்டவர்கள். அமெரிக்கப் பத்திரிகைகள் விசாரிக்காமலே ஜூலு என்று எழுதின. இதே பொருட்காட்சியில் உலகத்தின் பல பழங்குடி மக்களைக் கொண்டுவந்து குடிசை போட்டு, மிருகக்காட்சி மாதிரி வைத்திருந்தார்கள். இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் சல்லிவன் வகையறா அவர்களில் பலரை, விதியைக்கூடச் சரியாகச் சொல்லாமல், குண்டு எறி, நூறு கஜம் ஓடு என்று விரட்டி, பார்த்தீர்களா இவர்கள் எவ்வளவு மட்டம் என்று அறிவியல்போல எழுதிவைத்தார்கள். இப்போது மாரத்தானில் டௌன்யானேயை ஒரு நாய் துரத்தியது. ஒரு மைல் தூரம் பாதையை விட்டு விலகி ஓடி, திரும்பி வந்து, 9ஆவதாக முடித்தார். மஷியானி 12ஆவது. 1902இல் பாஸ்டன் மாரத்தான் ஜெயித்த சாம் மெல்லரோ, முன்னால் போய்க்கொண்டிருந்தவர், பாதியில் கழன்றுகொண்டார். சல்லிவனின் ஆராய்ச்சியில் இந்தக் கணக்கு எந்தப் பத்தியில் ஏறியது என்று எனக்குக் கேட்க ஆசை.

1904 போதும். மற்ற வருஷங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1896இல் ஏதென்ஸில் மூன்றாவதாக வந்த ஸ்பிரிடன் பெலோகாஸ் பாதையில் ஒரு பகுதியைக் குதிரை வண்டியில் கடந்தார் என்று பிடிபட்டார். ஆகவே இந்த விஷயத்தில் லோர்ஸ்கூட முன்னோடி அல்ல, வாகனத்தை நவீனமாக்கியவர், அவ்வளவுதான். 1908இல் லண்டனில் விண்ட்சர் அரண்மனையில் கிளம்பி அரச குடும்பம் உட்கார்ந்திருந்த மாடத்தின் முன்னால் முடியும்படி அளந்ததில் 42.195 கிலோமீட்டர் வந்தது. 1921இல் அதுவே சட்டமானது. நாற்பத்திரண்டைத் தாண்டி நாக்குத் தள்ளும்போது நம் ஆட்கள் யாரைத் திட்டுகிறார்கள் என்று தெரியாமலே திட்டுகிறார்கள், முகவரி பக்கிங்ஹாம்.

எங்கள் குழுவில் கடைசியாக வரும் உறுப்பினர் ஒருவர் உண்டு. அவர் வரும்போது காற்றடைத்த வளைவைச் சுருட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். அவருக்காக மட்டும் ஒரு தகவல்: 1912இல் ஸ்டாக்ஹோமில் ஓடிய ஜப்பானியர் ஷிசோ கனகுரி, வெயில் தாங்காமல் வழியில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் ஒதுங்கி, தாகம் தணித்துக்கொண்டு, வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டார். ஸ்வீடன்காரர்கள் ஆளைக் காணோம் என்றே எழுதிவைத்திருந்தார்கள். 1967இல் அழைத்து, எல்லைக் கோட்டைக் கடக்கவிட்டார்கள். நேரம்: 54 வருஷம், 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.3 விநாடி. இடையில் கல்யாணம், ஆறு பிள்ளைகள், பத்துப் பேரன் பேத்திகள். அந்தப் புள்ளி மூன்று விநாடியை விடாமல் எழுதிய நடுவரைத்தான் எங்கள் பொருளாளருக்குப் பிடித்திருக்கும்.

பொருளாளருக்கு வருவோம். லோர்ஸுக்குப் போட்ட வாழ்நாள் தடை, அவர் மன்னிப்புக் கேட்டதும் சில மாதத்தில் விலக்கப்பட்டது. 1905 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானில் ஓடினார். இந்தத் தடவை காலால். முதலிடம். இதை நான் வாட்ஸ்அப்பில் போட்டேன். மன்னிப்புக் கட்சி கைதட்டியது. நீக்கக் கட்சி, "அப்ப அவரும் ஓடிக் காட்டட்டும்" என்றது. பொருளாளர் எதுவும் பேசவில்லை. பதக்கத்தைத் தபாலில் திருப்பி அனுப்பிய ரசீதை மட்டும் படம் எடுத்துப் போட்டார்.

போன ஞாயிறு வந்தார். நாலரை மணி, இருட்டு. எல்லோருக்கும் முன்னால் தனியாகக் கிளம்பிவிட்டார். நாங்கள் மூன்றாவது கிலோமீட்டரில் இருக்கும்போது எதிரே ஒரு சத்தம். தெரு விளக்கு வெளிச்சத்தில் முதலில் பொருளாளர், அவருக்குப் பின்னால் ஒரு செம்பட்டை நாய், அதற்குப் பின்னால் துணைக்கு இரண்டு. எங்களைத் தாண்டிப் போனார். "சார், நில்லுங்க, நின்னா அது போயிடும்!" என்று டாக்டர் கத்தியது அவர் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை.

டீக்கடையில் பிடித்தோம். பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பேசாமல் வாட்சை நீட்டினார். கடைசிக் கிலோமீட்டர் 4 நிமிடம் 31 விநாடி. அவர் வாழ்நாளிலேயே அதிகபட்ச வேகம்.

"ஆட்டோவா சார்?" என்று நீக்கக் கட்சியிலிருந்து ஒருவர் கேட்டார்.

பொருளாளர் காலைத் தூக்கி பெஞ்சின் மேல் வைத்தார். வலது பக்க டிராக் பேன்ட் முழங்காலுக்குக் கீழே இல்லை. தோலில் கீறல் இல்லை, டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். துணி மட்டும்தான் போயிருந்தது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பயிற்சியாளர் எழுந்து கல்லாப் பக்கம் போய், பால் பாக்கெட் வெட்டும் கத்தரிக்கோலை வாங்கி வந்தார். பொருளாளரின் முன்னால் குந்தி உட்கார்ந்து, "அசையாதீங்க சார்" என்று சொல்லி, இடது காலையும் முழங்கால் அளவுக்கு வெட்டிவிட்டார்.